படித்தும் தேறவில்லை

தருக்கவியல் பாடத்தின் முதல் அகமதிப்பீட்டுத் தேர்வு விடைத்தாளைப் பிடித்துக்கொண்டு அந்த மாணவி ஆசிரியர் அறை வாசலில் நின்றாள். 25க்கு 7. “மெய் அட்டவணையைப் படித்தால் தேறிவிடலாம் என்று நீங்கள்தான் சொன்னீர்கள் மிஸ். படித்தும் தேறவில்லை” என்றாள். குரலில் அழுகை இல்லை, கோபம்தான். அடுத்த தேர்வில் பார்த்துக்கொள்ளலாம் என்று வழக்கமாகச் சொல்வதைச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

அந்தத் தாளில் நான் சிவப்பு மையால் அடித்திருந்த கேள்வி இதுதான்: ‘மழை பெய்தால் விடுமுறை விடுவார்கள்’ என்ற கூற்றின் மறுப்பை எழுதுக. அவள் எழுதியிருந்தது, ‘மழை பெய்யாவிட்டால் விடுமுறை விடமாட்டார்கள்.’ வகுப்பில் பாதிப் பேர் அதையே எழுதியிருந்தார்கள். மீதிப் பேரில் பெரும்பாலோர், ‘மழை பெய்தாலும் விடுமுறை விடமாட்டார்கள்.’ இரண்டும் தவறு. ‘மழை பெய்தது, ஆனால் விடுமுறை விடவில்லை’ என்ற சரியான விடையை எழுதியவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

மாலையில் டவுன் பஸ் புதூரைத் தாண்டும்போதுதான் உறைத்தது. ‘படித்தால் தேறலாம்’ என்ற என் கூற்றை அவள் என் முகத்துக்கு நேரே மறுத்துவிட்டுப் போயிருக்கிறாள். ‘படிக்காவிட்டால் தேற முடியாது’ என்று அவள் சொல்லவில்லை. ‘படித்தாலும் தேற முடியாது’ என்றும் சொல்லவில்லை. ‘படித்தும் தேறவில்லை’ என்றாள். படித்தேன் என்பது ஒன்று, தேறவில்லை என்பது இன்னொன்று, இரண்டும் சேர்ந்து ஒரே தொடரில். நான் தாளில் தேடிய விடையை, ஒரு பிழையும் இல்லாமல், கோபத்தில் சொல்லிவிட்டாள். தாளில் அதே வேலையைச் செய்யத் தெரியாமல் அந்தக் கேள்விக்குப் பூஜ்யம் வாங்கியிருந்தாள். அப்படியென்றால் கோளாறு எங்கே இருக்கிறது?

மதுரைக்கு வடக்கே ஒரு கல்லூரியில் 11 ஆண்டுகளாகக் கணிதம் நடத்துகிறேன், கௌரவ விரிவுரையாளராக. முதலாண்டுக் கணித மாணவர்களுக்கும் கணினிப் பயன்பாட்டு மாணவர்களுக்கும் தருக்கவியல் ஓர் அலகு. மேலூர், நத்தம், அலங்காநல்லூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் நிறையப் பேர். தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு படித்தவர்களுக்கு இது புதுப் பாடம் அன்று. கணிதப் புத்தகத்தின் கடைசி அத்தியாயமான தனிநிலைக் கணிதத்தில் கூற்று, அது எப்போது மெய், எப்போது பொய் என்று கட்டம் போட்டுக் காட்டும் மெய் அட்டவணை எல்லாம் இருக்கின்றன. கடைசி அத்தியாயம் என்பதுதான் அதன் விதி. திருப்புதல் தேர்வு நெருங்கும் நேரத்தில் இரண்டு மூன்று நாளில் ஓட்டிவிடுகிறார்கள். அதனால் என் வகுப்புக்கு வருகிறவர்களுக்குக் கட்டங்களை நிரப்பத் தெரியும், ஏன் அப்படி நிரப்புகிறோம் என்பது தெரியாது. நானும் பல ஆண்டுகள் முதல் வாரமே அட்டவணையைத்தான் எடுத்து வைத்தேன். நடத்த எளிது, திருத்த அதைவிட எளிது.

மறுநாள் அட்டவணையை மூடி வைத்துவிட்டுப் பலகையில் நான்கு வரிகள் எழுதினேன்.

மழை பெய்தால் விடுமுறை.
மழை பெய்தால்தான் விடுமுறை.
மழை பெய்தாலும் விடுமுறை இல்லை.
மழை பெய்தும் விடுமுறை இல்லை.

“சித்திரை வெயிலில், ஒரு துளி மழை இல்லாத நாளில், இவற்றில் எதையெல்லாம் சொல்லலாம்?” என்று கேட்டேன். முதல் மூன்றையும் சொல்லலாம், நான்காவதைச் சொல்ல முடியாது என்று உடனே பதில் வந்தது. ஏன்? “நான்காவதைச் சொல்ல வேண்டுமென்றால் மழை பெய்திருக்க வேண்டும் மிஸ்.” அவ்வளவுதான் விஷயம். முதல் மூன்றும் விதிகள். நான்காவது, நடந்துபோன செய்தி. ‘பெய்தால் விடுமுறை’ என்ற விதியை உடைக்க, மழை பெய்து விடுமுறை விடாத ஒரு நாளைக் காட்ட வேண்டும்.

பிறகு மூன்றாம் வரிக்கு வந்தோம், பலரும் விழுந்த குழி அதுதான். ஓர் ஆண்டு முழுக்க மழையே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘பெய்தால் விடுமுறை’ என்றவரைப் பொய்யர் என்று பிடிக்க முடியாது. ‘பெய்தாலும் விடுமுறை இல்லை’ என்றவரையும் பிடிக்க முடியாது. ஒன்று மற்றொன்றின் மறுப்பு என்றால் இரண்டில் ஒருவர் மாட்டியே தீர வேண்டும். இருவரும் தப்பிக்கிறார்கள், ஆகவே மறுப்பு அன்று. இதைப் புரியவைக்க முன்பெல்லாம் எட்டுக் கட்டங்கள் போடுவேன். அன்றைக்கு ஒரு கட்டம்கூடத் தேவைப்படவில்லை.

இரண்டாம் வரியில் இருக்கும் ‘தான்’ இன்னும் பெரிய ஆள். ‘ஹால் டிக்கெட் இருந்தால்தான் தேர்வு எழுத முடியும்’ என்பதை, ‘இது என்றால் அது’ என்று காட்டும் அம்புக்குறி போட்டு எழுதச் சொன்னால் முக்கால்வாசிப் பேர் ஹால் டிக்கெட்டிலிருந்து தேர்வுக்கு அம்பு விடுவார்கள். ஹால் டிக்கெட் இருந்தும் காய்ச்சலில் படுத்துக்கொண்டவர் உண்டு, ஆகவே அது தவறு. தேர்வு எழுதினார் என்றால் ஹால் டிக்கெட் இருந்தது என்பதுதான் அந்த வாக்கியம் தரும் உறுதி. ‘தான்’ ஒட்டிக்கொண்டால் அம்பு திரும்பும் என்று நோட்டில் கட்டம் போட்டு எழுதச் சொல்கிறேன். ஆங்கிலத்தில் ‘ஒன்லி இஃப்’ என்று வரும்போது தடுமாறும் பிள்ளைகள், அதை ‘ஆல்தான்’ என்று மாற்றிப் படித்தால் தடுமாறுவதில்லை. தேர்வு ஆங்கிலத்தில்தானே, தமிழில் எதற்கு இந்தச் சுற்று வழி என்று சக ஆசிரியர்கள் கேட்பார்கள். இரண்டு வரியாக எழுதச் சொல்கிறேன்: மேலே தமிழ், கீழே ஆங்கிலம். தேர்வு அறையில் மேல் வரியை மனத்துக்குள் எழுதிக்கொள்ளலாம்.

‘75 விழுக்காடு வருகை இருந்தால்தான் தேர்வு எழுதலாம்’ என்பதையும் உதாரணமாகச் சொல்லிப் பார்த்தேன். “வருகை குறைந்தாலும் கண்டோனேஷன் கட்டணம் கட்டிவிட்டு எழுதுகிறார்களே மிஸ்” என்று ஒரு குரல். வகுப்பே சிரித்தது. விதியை உடைக்கும் எதிர்க்காட்டு என்றால் என்ன என்று அதற்கு மேல் நான் விளக்கவேண்டி இருக்கவில்லை.

இந்தச் சொல் விளையாட்டுக்கும் எல்லை உண்டு. ‘படித்தும்’ என்பதில் ஒரு ஆற்றாமை இருக்கிறது, தருக்கத்தின் ‘மற்றும்’ குறிக்கு ஆற்றாமை கிடையாது. அதேபோல், ‘அரியர் இல்லாமல் முடித்தால் பைக் வாங்கித் தருகிறேன்’ என்று அப்பா சொன்னால், அரியர் வைத்தால் பைக் கிடையாது என்பதையும் சேர்த்துத்தான் எந்தப் பிள்ளையும் புரிந்துகொள்ளும். ‘ஆல்’ என்று சொல்லி ‘ஆல்தான்’ என்று கேட்பது நம் பேச்சு வழக்கம். அரியர் வைத்தவனுக்கும் அப்பா பைக் வாங்கித் தந்துவிட்டால்? தருக்கப்படி அவர் வாக்குத் தவறவில்லை. ‘ஆல்’ வரும் நிபந்தனைக் கூற்றின் மெய் அட்டவணையில் மூன்றாம் வரி இது: முன்பகுதி பொய், பின்பகுதி மெய், மொத்தத்தில் மெய். இந்த வரிக்கு ஒவ்வோர் ஆண்டும் சண்டை நடக்கும். ‘அதுதான் வரையறை, எழுதிக்கொள்ளுங்கள்’ என்று பல ஆண்டுகள் வாயை அடைத்திருக்கிறேன். இப்போது ஒத்துக்கொள்கிறேன்: நீங்கள் கேட்பது பேச்சில் சரி, இங்கே நாம் சொல்லப்பட்டதை மட்டும் எடுத்துக்கொண்டு, வாக்கு எப்போது உடைகிறது என்று மட்டும் பார்க்கிறோம். இதைச் சொன்ன பிறகு சண்டை நிற்கவில்லை, ஆனால் சுருங்கியது.

கூற்றைத் தலைகீழாகத் திருப்பிப் படிக்கும் மறுதலைப் பிழையை எனக்கு நன்றாக நடத்திக் காட்டியவள் ஒரு பூ வியாபாரியின் மகள். அப்பாவுக்கு மாட்டுத்தாவணி மலர்ச் சந்தையில் வேலை. ‘முகூர்த்த நாள் என்றால் மல்லிகை விலை ஏறும். இன்று விலை ஏறியிருக்கிறது. ஆகவே இன்று முகூர்த்த நாள்’ என்று எழுதி, சரியா என்று கேட்டேன். வகுப்பு தலையாட்டியது. அவள் மட்டும், “மார்கழியில் முகூர்த்தமே கிடையாது மிஸ். பனியில் மொட்டு வரத்து குறைந்துவிடும், அப்போதுதான் விலை எங்கேயோ போய் நிற்கும்” என்றாள். உடனே இன்னொருத்தி பஸ்ஸைப் பிடித்தாள்: பெண் என்றால் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் காசு கிடையாது, காசு கொடுக்காமல் வருகிறவர் எல்லாம் பெண்ணா? மாற்றுத்திறனாளியும் அவருக்குத் துணையாக வருகிறவரும் திருநங்கையரும்கூட அப்படித்தானே வருகிறார்கள்?

இந்த இடத்தில் சிலப்பதிகாரத்தை எடுப்பேன். கதை எல்லோருக்கும் தெரியும், அதில் இருக்கும் வாத அமைப்பை யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். அரசியின் சிலம்பைத் திருடியவன் கையில் அப்படி ஒரு சிலம்பு இருக்கும். கோவலன் கையில் அப்படி ஒரு சிலம்பு இருக்கிறது. ஆகவே அவன்தான் கள்வன். இது பொற்கொல்லன் கட்டிய வாதம். மல்லிகை விலையை வைத்து முகூர்த்தம் சொல்வதும் இதுவும் ஒன்றே. பாண்டியன் சொன்னதும் ஒரு நிபந்தனைக் கூற்றுதான்: சிலம்பு கள்வன் கையில் இருக்குமாகில் கொன்று அதைக் கொண்டு வா. அந்த ‘ஆகில்’ நிறைவேறியதா என்று யாரும் பார்க்கவில்லை. அரசியின் ஊடலைத் தீர்க்கும் அவசரம் அவனுக்கு.

கண்ணகி அவைக்கு வந்து வைப்பது வேறு அமைப்பு. என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். தன் அரசியின் சிலம்பில் முத்து என்று அரசனே ஒத்துக்கொள்கிறான். அந்தச் சிலம்பு அரசியுடையது என்றால் உள்ளே முத்து இருக்க வேண்டும். உடைத்தால் மாணிக்கம் தெறிக்கிறது. முத்து இல்லை, ஆகவே அரசியுடையது இல்லை. பின்பகுதி பொய்த்தால் முன்பகுதியும் பொய்க்கும் என்ற இந்த வாதம் எந்த உலகத்திலும் செல்லும். பொற்கொல்லனின் வாதத்தையும் கண்ணகியின் வாதத்தையும் பலகையில் இடமும் வலமுமாக எழுதி, பெயர்களை அழித்துவிட்டு பி, கியூ என்று போடும்போது வகுப்பில் ஒரு அமைதி வரும். என் பதினொரு ஆண்டு வேலையில் எனக்குப் பிடித்த ஐந்து நிமிடம் அது.

சாக்ரடீஸை நான் விட்டு ஆறேழு ஆண்டுகள் ஆகின்றன. ‘எல்லா மனிதரும் இறப்பவர், சாக்ரடீஸ் மனிதர், ஆகவே சாக்ரடீஸ் இறப்பவர்’ என்பதில் மாணவர் கற்க ஒன்றும் இல்லை. முடிவு முன்பே தெரிந்தது, மெய்யானது. ஆகவே மெய்யான முடிவு வந்தால் வாதம் சரி என்று நினைத்துக்கொள்வார்கள். நான் இப்போது முதலில் வைக்கும் கேள்வி இது: ‘மதுரையில் இருப்பவை எல்லாம் தமிழ்நாட்டில் இருப்பவை. மீனாட்சி அம்மன் கோவில் தமிழ்நாட்டில் இருக்கிறது. ஆகவே மீனாட்சி அம்மன் கோவில் மதுரையில் இருக்கிறது.’ மூன்று வரியும் மெய். மதுரைக்காரர்கள் வேறு. அத்தனை பேரும் சரி என்று டிக் போடுவார்கள். பிறகு மீனாட்சி அம்மன் கோவிலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தஞ்சைப் பெரிய கோவிலை வைக்கச் சொல்வேன். முதல் இரண்டு வரிகள் அப்படியே நிற்கும், மூன்றாவது சரியும். வாதத்தின் அமைப்பு கெட்டது என்பது அப்போது தெரியும். தனியாகப் படிப்பவர்களுக்கு நான் சொல்வதும் இதுதான்: உங்களுக்குப் பிடித்த முடிவு வரும் வாதத்தைத்தான் முதலில் சந்தேகப்படுங்கள், பெயரை மாற்றி வைத்துப் பாருங்கள்.

‘மற்றும்’, ‘அல்லது’ வரும் கூற்றுகளை மறுக்கச் சொல்லித்தரும் டி மார்கன் விதிகளுக்கு வரும்போது மட்டும் கொஞ்சம் ஊர்ப் பெருமை பேசுவேன். அகஸ்டஸ் டி மார்கன் பிறந்தது மதுரையில், 1806 ஜூன் 27 அன்று. அப்பா கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் அதிகாரி. ஏழு மாதக் குழந்தையாக இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள், பிறகு இந்தப் பக்கம் வரவே இல்லை. 21 வயதில் லண்டனில் புதிதாகத் தொடங்கிய பல்கலைக்கழகத்தின் முதல் கணிதப் பேராசிரியர் ஆனார். தம் வயதை ஒரு புதிராகச் சொல்வாராம்: எக்ஸ் வர்க்கம் என்ற ஆண்டில் எனக்கு எக்ஸ் வயது. 43ஐ வர்க்கம் செய்தால் 1849, அதிலிருந்து 43 போனால் 1806. இதைப் போட்டுப் பார்க்காத வகுப்பு கிடையாது. நம் ஊர்க்காரர் என்று உரிமை கொண்டாட ஏழு மாதம் போதுமா என்று ஒரு மாணவன் கேட்டான். விதியைச் சரியாக எழுதினால் போதும் என்றேன்.

எழுதுவதுதான் சிக்கல். ‘அவன் பருத்திப்பாலும் ஜிகர்தண்டாவும் குடித்தான் என்பது பொய்’ என்றால் இரண்டையும் குடிக்கவில்லை என்று எழுதுவார்கள். ஒன்றையாவது குடிக்கவில்லை என்பதுதான் கிடைக்கும். இங்கே நம் இடைச்சொற்கள் உதவிக்கு வருகின்றன. எண்ணும்மையைத் திருப்பினால் ‘ஓ’ வரும், ‘ஓ’வைத் திருப்பினால் ‘உம்’ வரும். பருத்திப்பாலோ ஜிகர்தண்டாவோ குடித்தான் என்பது பொய் என்றால் பருத்திப்பாலும் குடிக்கவில்லை, ஜிகர்தண்டாவும் குடிக்கவில்லை. இதில் எனக்கே தாமதமாகத் தெரிந்த ஒன்று உண்டு. ‘யார்’ என்பதோடு ‘உம்’ சேர்த்தால் எல்லோரையும் தொடும் ‘யாரும்’. ‘ஓ’ சேர்த்தால் ஒருவரையாவது குறிக்கும் ‘யாரோ’. இவனும் அவளும் இவரும் என்று முடிவில்லாமல் ‘உம்’ போட்டுக்கொண்டே போனால் அனைத்தும். இவனோ அவளோ என்று ‘ஓ’ போட்டுக்கொண்டே போனால் ஏதோ ஒன்று. தருக்கவியல் புத்தகம் இரண்டு அத்தியாயம் தள்ளி, புதுக் குறி போட்டுச் சொல்வதை நாம் ஓரெழுத்து இரண்டெழுத்தில் ஒட்டிவிட்டுப் போகிறோம்.

இதே ‘உம்’ காலையும் வாரும். ‘எல்லாரும் தேறவில்லை’ என்று ஒருவர் சொன்னால், ஒருவருமே தேறவில்லையா, சிலர் தேறவில்லையா? வகுப்பைக் கேட்டபோது சரிபாதியாகப் பிரிந்தது. நன்னூலார் பல நூற்றாண்டுக்கு முன்பே இதைக் கவனித்திருக்கிறார்: முழுவதையும் குறிக்கும் முற்றும்மை சில இடங்களில், மிச்சம் உண்டு என்ற எச்சப் பொருளும் தரும் என்கிறார். மறுப்பு எதன்மேல் விழுகிறது என்ற கேள்விதான் இது. அதனால் எல்லோரையும் பற்றிய மறுப்பு வந்தால், ‘ஒருவர்கூட இல்லை’, ‘எல்லோரும் என்று சொல்ல முடியாது’ என்ற இரண்டில் ஒன்றாக மாற்றி எழுதிவிட்டுத்தான் குறியீட்டைத் தொட வேண்டும் என்று கறாராக இருக்கிறேன். வினாத்தாள் தயாரிப்பவர்களும் கறாராக இருந்தால் நல்லது.

இலக்கியம் கைகொடுக்கிறது என்ற உற்சாகத்தில் மணிமேகலைக்கும் போனேன், அங்கே சறுக்கினேன். மதுரைக் கூலவாணிகன், அதாவது தானிய வியாபாரி, சாத்தனார் எழுதியது. அதன் 29ஆம் காதையில் அறவண அடிகள் ஒரு முழுத் தருக்கப் பாடமே நடத்துகிறார். மலையில் புகை இருப்பதால் நெருப்பு இருக்கிறது, அடுக்களையைப் போல என்று ஐந்து உறுப்புள்ள வாதம். துணிபில் வரும் பக்கப் போலி 9, காரணத்தில் வரும் ஏதுப் போலி 14, உதாரணத்தில் வரும் திட்டாந்தப் போலி 10 என்று 33 பிழைகள். கீழமாசி வீதியில் பருப்பு மூட்டைகளைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கூலவாணிகன் நினைவு வருவதால் ஆசையோடு இரண்டு வகுப்பை அதற்கே கொடுத்தேன். அசித்தம், அநைகாந்திகம் என்று பெயர்களை எழுதிப் போடுவதிலேயே நேரம் போய்விட்டது. பின்வரிசை தூங்கியது. ஒன்றை மட்டும் அதிலிருந்து வைத்துக்கொண்டேன்: எந்த வாதத்துக்கும் ஓர் அடுக்களை வேண்டும். உதாரணம் சொல்லாமல் யாரும் விடை சொல்லி உட்கார முடியாது.

உதாரணம் போதும் என்று நினைத்தால் அதுவும் ஏமாற்றும். உளவியலாளர் பீட்டர் வேசன் 1966இல் செய்த அட்டைச் சோதனையை வகுப்பில் வைத்துப் பார்த்தேன். நான்கு அட்டைகள்: அ, க, 4, 7. ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். உயிரெழுத்து இருந்தால் மறுபக்கம் இரட்டைப்படை எண் என்பது விதி. விதி மீறப்பட்டதா என்று அறிய எந்த அட்டைகளைத் திருப்ப வேண்டும்? அ, 4 என்றது வகுப்பு. அ, 7 என்பதுதான் விடை. 4க்குப் பின்னால் என்ன இருந்தாலும் விதி உடையாது. அதையே சினிமா தியேட்டராக மாற்றினேன். ‘ஏ’ சான்றிதழ் படம் என்றால் பார்ப்பவருக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். ‘ஏ’ படத்துக்கு வந்தவர், ‘யு’ படத்துக்கு வந்தவர், 20 வயதுக்காரர், 16 வயதுக்காரர், யாரை விசாரிப்பீர்கள்? ஒரு நொடியில் சரியாகச் சொன்னார்கள். அமெரிக்காவில் 1982இல் மது அருந்தும் வயதை வைத்து இதேபோல் செய்தபோதும் இதுதான் நடந்தது. வென்றுவிட்டோம் என்று அட்டைக்குத் திரும்பினேன். மறுபடியும் 4ஐத் திருப்பினார்கள்! ஏமாற்றுபவனைப் பிடிக்கும் சாமர்த்தியம் தானாக எழுத்துக்கும் எண்ணுக்கும் நகர்வதில்லை. தியேட்டரையும் அட்டையையும் அருகருகே எழுதி, 16 வயதுக்காரருக்கும் 7க்கும் கோடு இழுத்த பிறகுதான் நகர்ந்தது. கதையை மட்டும் சொல்லிக் கைதட்டல் வாங்கிக்கொண்டு வெளியேறிய வகுப்புகள் எனக்கு எத்தனை என்று அன்று நினைத்துப் பார்த்தேன்.

அந்த மாணவிக்கு அந்தக் கேள்விக்குரிய மதிப்பெண்ணை என்னால் தர முடியவில்லை. வாசலில் சொன்னதற்கு மார்க் போட விதியில் இடமில்லை. கூப்பிட்டு, அவள் சொன்னதைப் பலகையில் எழுதிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “அப்படியென்றால் நீங்கள் சொன்னது பொய் என்று நான் நிரூபித்துவிட்டேனா மிஸ்?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அடுத்த அகமதிப்பீட்டில் 19 வாங்கினாள்.

இந்த ஆண்டுப் புது வகுப்பில் முதல் நாளே அந்த நான்கு வரிகளை எழுதினேன். அட்டவணை மூன்றாம் வாரத்தில்தான் என்று பாடத்திட்ட நோட்டில் குறித்து வைத்திருந்தேன். பெய்தால், பெய்தால்தான், பெய்தாலும், பெய்தும் என்று வாசித்து முடிப்பதற்குள் ஜன்னலோரத்திலிருந்து ஒருவன் கை தூக்கினான்.

“மழை பெய்யாமலே விடுமுறை விட்டுவிட்டால், மிஸ்?”

அட்டவணையின் மூன்றாம் வரி. அன்றைக்கே நடத்த வேண்டியதாகிவிட்டது.